பொழுது சாய்வதற்குள்: ஒரு கோடைப் பயணத்தின் வரலாறு

1

கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்த நண்பன் இப்போது சிகாகோவில் கணிப்பொறி வேலையில் இருக்கிறான். போன கோடையில் அவனும் அவன் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு இல்லினாய் மாநிலத்தின் தெற்குக் கோடிவரை போய், மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, மிசௌரிக்குள் கொஞ்ச தூரம் நுழைந்து திரும்பியிருக்கிறார்கள். ஆறு நாள் பயணம். பெரிய நகரம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன ஊர்கள், மாநிலப் பூங்காக்கள், சாலையோர விடுதிகள். நாற்பது ஐம்பது படங்கள் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "பார்த்துட்டு சும்மா இரு. வரலாறு கிரலாறுன்னு ஆரம்பிச்சு இதையும் கெடுத்துடாத."

சும்மா இருக்க முடியவில்லை. படங்கள் நன்றாகவே இருந்தன. தெருக்களைப் போல நெட்டுக்குத்தாகப் பிளந்து நிற்கும் பாசி படர்ந்த மணற்பாறைகள். கொடி பறக்கும் ஒரு கடைத்தெரு. அறைக்கதவுக்கு நேர் முன்னால் கார் நிற்கும் விடுதி. செம்மண் நிறத்தில் ஓடும் மிசிசிப்பி. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: எந்தப் படத்திலும் அவர்கள் இருவரைத் தவிர வேறு மனிதர்கள் இல்லை.

சுற்றுலாக் கையேடுகளைப் பற்றி ரோலான் பார்த் 1957-ல் வெளியான தம் 'தொன்மவியல்கள்' நூலில் எழுதியது நினைவுக்கு வருகிறது. கையேட்டின் கண்ணுக்கு மலையும் மாதாகோவிலும் தெரியும். அங்கே வாழ்கிறவர்கள் தெரிய மாட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அமெரிக்கக் கோடைப் பயணத்தில் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது பார்வையின் கோளாறால் மட்டும் நடந்துவிடவில்லை. துப்பாக்கி, சட்டம், நீதிமன்றம், ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய காலியிடம் அது. ஒரு கணவனும் மனைவியும் காரில் ஏறி, வழியில் பெட்ரோல் போட்டு, சாப்பிட்டு, இரவு ஒரு அறையில் படுத்து எழுந்து, மறுநாள் ஏரியில் குளிப்பது என்கிற சாதாரண காரியத்துக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நண்பன் மன்னிக்கட்டும்.

2

'மாநிலப் பூங்கா' என்றதும் நமக்கு நகராட்சிப் பூங்கா ஞாபகம் வரும்: சறுக்குமரம், சிமெண்ட் பெஞ்சு, சுண்டல் விற்கிற பையன். அமெரிக்க மாநிலப் பூங்கா வேறு. காடு, மலை, ஏரி, ஆறு என்று ஒரு நிலப்பரப்பையே எல்லை போட்டு, மாநில அரசு பொதுமக்களின் பொழுதுபோக்குக்கு ஒதுக்கிவைப்பது. இதன் தொடக்கம் 1864. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் மூலம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு, மக்கள் வந்து களித்திருப்பதற்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் கொடுக்கப்பட்டது.

மக்கள் என்றால் யார்? பதின்மூன்று வருடம் முன்னால், 1851-ல், மாரிபோசா பட்டாளம் என்ற ஆயுதக் கும்பல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியிருந்தது. அவர்களுடைய தலைவர் தெனாயா. துரத்தியவர்கள் அங்கிருந்த ஓர் ஏரிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அந்த ஏரிக்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று அவர் சொன்னதாகப் பட்டாளத்தில் இருந்த பன்னல் என்பவரே எழுதிவைத்திருக்கிறார். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு பெயரை மரியாதையாகத் திருப்பித் தருவது. இன்றைக்கும் படத்தில் அது தெனாயா ஏரிதான்.

பெயர் சூட்டலின் இன்னொரு உதாரணம் இதைவிட விசித்திரமானது. மின்னசோட்டாவில் மிசிசிப்பி உற்பத்தியாகும் இடத்தில் 1891-லிருந்து இட்டாஸ்கா மாநிலப் பூங்கா இருக்கிறது. இட்டாஸ்கா என்பது செவ்விந்தியப் பெயர் என்றே பயணிகள் நினைப்பார்கள். 1832-ல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசாங்க அதிகாரி அந்த ஏரியை 'கண்டுபிடித்தார்'. ஓசாவின்டிப் என்ற ஒஜிப்வே வழிகாட்டி கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒஜிப்வே மொழியில் அந்த ஏரிக்குக் கடமானை வைத்து ஒரு பெயர் உண்டு. ஸ்கூல்கிராஃப்ட் அதை ஒதுக்கிவிட்டு 'உண்மை', 'தலை' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்து, முன்னும் பின்னும் வெட்டி, நடுத்துண்டை எடுத்து 'இட்டாஸ்கா' என்று செய்தார். வெரிட்டாஸ், காபுட். தலையையும் வாலையும் நறுக்கிய லத்தீன், பழங்குடிச் சொல்லாக வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. இத்தனைக்கும் ஸ்கூல்கிராஃப்டின் மனைவி ஜேன் ஒஜிப்வே தாய்க்குப் பிறந்தவர். இரண்டு மொழியிலும் கவிதை எழுதியவர். வீட்டில் மொழி தெரிந்தவர் இருந்தும் ஏரிக்குப் போலிப் பெயர் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பூர்வகுடிகள் இல்லாத, ஆனால் அவர்கள் வாசனை மட்டும் வீசுகிற நிலம் தேவைப்பட்டது. அந்தத் தேவையைத்தான் பின்னால் வந்த பூங்காக்கள் எல்லாம் பூர்த்தி செய்தன.

பூங்காவைச் சாதாரண மனிதனிடம் கொண்டுவந்தது கார். 1908-ல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் 'மாடல் டி', 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி கார்கள் சாலைக்கு வந்திருந்தன. தேசியப் பூங்காக்கள் தொலைவில், மேற்கில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற தூரத்தில் பூங்கா வேண்டும் என்பதற்காக 1921-ல் அயோவாவின் டி மாய்ன் நகரில் மாநிலப் பூங்காக்களுக்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள்.

பூங்காக்களைக் கட்டியது பொருளாதார மந்தம். 1933-லிருந்து 1942 வரை ரூஸ்வெல்ட் அரசின் குடிமக்கள் வனப் பாதுகாப்புப் படையில் சுமார் 30 லட்சம் வேலையற்ற இளைஞர்கள் சேர்ந்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் கட்டாயமாக வீட்டுக்குப் போய்விடும். பாதை வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், மரம் நட்டார்கள், மண்டபம் எழுப்பினார்கள். நண்பன் படம் எடுத்த ஜெயன்ட் சிட்டி மாநிலப் பூங்காவின் கல் மண்டபம் அப்படி 1936-ல் திறக்கப்பட்டது. இந்த வேலையின் மகத்துவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. பட்டினிக் காலத்தில் அரசு கூலி கொடுத்துப் பொதுச் சொத்தை உண்டாக்கிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆனால் 1935-ல் படையின் இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் தனித்தனி முகாமில் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பு இளைஞர்கள் தனி முகாமிலிருந்து வேலை செய்தார்கள். வர்ஜீனியாவின் கடலோரத்தில் இருக்கும் 'சீஷோர்' பூங்காவைப் பெருமளவுக்கு உருவாக்கியவர்கள் கறுப்பு இளைஞர்கள். பூங்கா திறந்த பிறகு அவர்கள் அதற்குள் போக முடியாது. கோவில் கட்டியவன் கோபுர வாசலோடு நிற்கிற கதை உலகத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

3

ஜெயன்ட் சிட்டியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் அன்னா. கொடி பறக்கும் கடைத்தெரு அங்கே எடுத்த படம். ஊரை உண்டாக்கியவர் 1854-ல் தம் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். இதைவிட இனிமையான தொடக்கம் ஒரு சிற்றூருக்கு வாய்க்குமா? ஆனால் அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் பிரித்து, 'கறுப்பர்களுக்கு இங்கே அனுமதி இல்லை' என்று இழிசொல்லோடு விரிவுபடுத்திச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வருகிற விளக்கம்.

இதற்குப் பின்னால் 1909 நவம்பர் இருக்கிறது. இரண்டு பெரிய ஆறுகள் கூடுகிற கெய்ரோ நகரில் (உள்ளூர்க்காரர்கள் கேரோ என்பார்கள்) ஒரு வெள்ளைப் பெண் கொலையுண்டாள். அவள் சொந்த ஊர் அன்னா. வில் ஜேம்ஸ் என்ற கறுப்புத் தொழிலாளியைப் பிடித்தார்கள். விசாரணை இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்க்க, மின்விளக்கு அலங்கார வளைவில் அவரைத் தூக்கிலிட்டு, சுட்டு, எரித்தார்கள். அதைப் படம்பிடித்து அஞ்சலட்டையாகவும் விற்றார்கள். பயணம் போனவன் வீட்டுக்கு ஏரிப் படம் போட்ட அஞ்சலட்டை அனுப்பத் தொடங்கிய அதே வருடங்கள்தான் அவை. அதே அச்சு, அதே அளவு அட்டை. அந்தக் கொலைக்குப் பின் அன்னாவிலிருந்த கறுப்புக் குடும்பங்கள் துரத்தப்பட்டன.

அமெரிக்க வரலாற்றில் இத்தகைய ஊர்களுக்குப் பெயர் 'அந்திசாயும் ஊர்கள்'. பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும். சில இடத்தில் ஊரெல்லையில் பலகையே வைத்திருந்தார்கள். சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவன் 2005-ல் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகுதான் இதன் பரப்பு வெளியே தெரிந்தது. கவனிக்க வேண்டியது, இவை பெரும்பாலும் தெற்கில் இல்லை. அடிமைமுறை இல்லாத வடக்கு, நடுமேற்கு மாநிலங்களில் நூற்றுக்கணக்கில் இருந்தன. தெற்கத்திய வெள்ளைக்காரனுக்குக் கறுப்பு உழைப்பு தேவை. அதனால் பக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளிவைத்தான். வடக்கத்திய சிற்றூர்க்காரன் ஒரேயடியாக இல்லாமல் செய்துவிட்டான்.

இல்லினாய்க்கு இந்த வழக்கம் புதிதும் இல்லை. 1853-ல் அந்தச் 'சுதந்திர' மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வெளியிலிருந்து வருகிற கறுப்பர் குடியேறும் நோக்கத்தோடு பத்து நாளுக்கு மேல் தங்கினால் கைது, அபராதம், கட்ட முடியாவிட்டால் உழைப்பு ஏலம். கொண்டுவந்தவர் தென் இல்லினாய்க்காரரான ஜான் லோகன். பின்னாளில் அடிமைமுறைக்கு எதிரான போரில் தளபதியாகப் பேர் வாங்கியவர் அவரேதான். சட்டம் 1865 வரை இருந்தது. வந்துபோகலாம், தங்கக்கூடாது. பயணி என்கிற நிலையைச் சட்டம் நாள் கணக்குப் போட்டு அளந்திருக்கிறது.

'அமெரிக்கச் சிற்றூர்' என்றொரு பெரும் சொல்லாடல் உண்டு. பூட்டாத கதவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த தெரு, கள்ளமில்லாத மனசு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது உண்மைதான். ஆகவே வேற்றாள் யார் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

4

அன்னாவிலிருந்து மேற்கே போகிற சாலை பக்கத்து ஊரான ஜோன்ஸ்பரோ வழியாக மிசிசிப்பிக்குப் போகிறது. ஜோன்ஸ்பரோவில் 1858 செப்டம்பர் 15-ல் லிங்கனும் டக்ளசும் அடிமைமுறை பற்றி விவாதித்தார்கள். அதற்கு நினைவுச் சின்னம் உண்டு. அதே பாதையில் இருபது வருடம் முன்னால், 1838-39 குளிர்காலத்தில், வேறு ஒரு கூட்டம் நடந்துபோனது. 1830-ன் செவ்விந்தியர் அகற்றல் சட்டப்படி சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட செரோக்கி மக்கள். சுமார் 16,000 பேர் அகற்றப்பட்டார்கள். நாலாயிரம் பேர்வரை செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிசிசிப்பியில் பனிக்கட்டி மிதந்ததால் படகு போக முடியாமல் தென் இல்லினாயில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்தில், செரோக்கி செல்வந்தர்கள் சொத்தாக வைத்திருந்த கறுப்பு அடிமைகளும் நடந்தார்கள். இதையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

ஆற்றைக் கடந்த இடத்தில் மிசௌரி அரசு 1957-ல் ஒரு பூங்கா அமைத்தது. அதன் பெயரே 'கண்ணீர்ப் பாதை மாநிலப் பூங்கா'. கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். என் நண்பன் அங்கே ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறான். உள்ளே ஒரு நினைவிடம் நெடுங்காலம் 'இளவரசி ஒட்டாகி'யின் சமாதி என்றே அறியப்பட்டது. செரோக்கிகளிடம் அரச வம்சமும் கிடையாது, இளவரசியும் கிடையாது. சளியிலும் குளிரிலும் செத்த பெயர் தெரியாத கிழவிகளையும் குழந்தைகளையும் நினைப்பது கஷ்டம். ஒரு இளவரசி இருந்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. துயரம் பார்க்கத்தக்க இடமாக மாறுவது இப்படித்தான்.

இருந்தாலும் அந்தப் பெயரையாவது வைத்தார்களே என்றும் தோன்றுகிறது. நம்மிடம் எத்தனை வெளியேற்றங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது?

5

வடக்கில் ஊர்க்கட்டுப்பாடாக இருந்தது தெற்கில் எழுதப்பட்ட விதி. வர்ஜீனியா 1936 ஜூன் 15 அன்று ஆறு பூங்காக்களை ஒரே நாளில் திறந்தது. ஆறும் வெள்ளையர்களுக்கு. 1948-ல் மேசியோ மார்ட்டின் என்ற கறுப்பு வங்கியாளர், ஸ்டான்டன் ரிவர் பூங்காவில் தமக்கு அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். மாநிலம் என்ன செய்தது? பூங்காவைத் திறந்துவிடவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 'நீக்ரோக்களுக்கான' தனிப் பூங்காவாக ஒன்றை அமைத்து 1950-ல் திறந்தது. அடுத்த வருடம் அதே மாவட்டத்தில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணின் தலைமையில் கறுப்பு மாணவர்கள் ஒழுகும் பள்ளிக்கூடத்தை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். அது 1954-ன் புகழ்பெற்ற பள்ளி வழக்குகளில் ஒன்றாக ஆனது. பிறகு, சேர்த்துப் படிக்கவைப்பதைத் தவிர்க்க அந்த மாவட்டம் 1959-லிருந்து 1964 வரை தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது.

மூடிவிடுவது என்கிற உத்தி பூங்காக்களுக்கும் வந்தது. மேரிலாந்தின் சாண்டி பாயின்ட் மாநிலப் பூங்காக் கடற்கரை, பால்டிமோர் கடற்கரை வழக்குகளில் 1955-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துவைப்பது செல்லாது என்றது. அதே வருடம் வழக்கில் தோற்ற வர்ஜீனியா, சீஷோர் பூங்காவைப் பல வருடம் பூட்டிவைத்தது. தென் கரோலினா இன்னும் ஒரு படி மேலே போய் 1963-ல் மாநிலத்தின் எல்லாப் பூங்காக்களையும் மூடியது. 1964-ல் திறந்தபோதும் நீந்தக்கூடாது, அறையில் தங்கக்கூடாது. முழுக்கத் திறக்க 1966 ஆனது. ஒரே தண்ணீரில் இறங்குவதைவிடத் தண்ணீரே இல்லாமல் இருப்பது மேல் என்று ஒரு மாநிலம் முடிவுசெய்கிறது. இதைப் 'பைத்தியக்காரத்தனம்' என்று தள்ளிவிடக்கூடாது. அதற்குள் தெளிவான தர்க்கம் இருக்கிறது. பொது என்பது எல்லோருக்கும் என்று ஆகிவிட்டால், மேலே இருப்பவன் பொதுவையே ஒழிப்பான். கிணறு, குளம், தேர் என்று நமக்கு இது மனப்பாடம்.

இப்படிப்பட்ட சாலையில் ஒரு கறுப்புத் தம்பதி எப்படிப் போவது? ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936-ல் ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே முடிவெட்டலாம், எங்கே காரைப் பழுதுபார்க்கலாம் என்ற முகவரிப் பட்டியல். 'பச்சைப் புத்தகம்' என்று பேர். விடுதி இல்லாத ஊர்களில் கறுப்புப் பெண்கள் தங்கள் வீட்டு அறையையே வாடகைக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டு முகவரிகளும் அதில் வரும். கிரீனின் மனைவி ஆல்மா, வர்ஜீனியாவின் ரிச்மண்டைச் சேர்ந்தவர். 1960-ல் கணவர் இறந்தபின் புத்தகத்தைத் தொடர்ந்து கொண்டுவந்தவர் அவர்தான். இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வரும், அன்று இதை நிறுத்திவிடுவோம் என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார்கள். தன் அழிவை இலக்காக வைத்து நடந்த பதிப்பகம். பார்த் பேசிய கையேட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அது மனிதர்களை மறைக்கிறது. இதில் மலையும் ஏரியும் இல்லை, மனிதர்களின் பெயரும் கதவிலக்கமும் மட்டுமே.

புத்தகத்தில் இல்லாத ஊர்களில் சொந்தச் சாமர்த்தியம்தான். கட்டுச்சோறு, தண்ணீர், ஒதுங்க முடியாத இடத்துக்கு ஒரு வாளி. போலீஸ் நிறுத்தினால் காட்ட ஓட்டுநர் தொப்பி: இது என் கார் இல்லை, முதலாளி கார். காரும் வசதியும் இருந்தும் வேலைக்காரனாக நடித்தால்தான் சாலை வழிவிடும்.

6

1953 ஜூன் 18-ல் அலபாமாவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மார்ட்டின் லூதர் கிங், பெண் கொரெட்டா ஸ்காட். அந்தப் பகுதியில் எந்த விடுதியும் இவர்களுக்கு அறை கொடுக்காது. சவ அடக்கத் தொழில் நடத்திய குடும்ப நண்பரின் இடத்தில் முதலிரவைக் கழித்தார்கள். ஆறு வருடம் கழித்து, 1959-ல், இருவரும் இந்தியா வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தம் மாணவர்களிடம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று கிங்கை அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், யோசித்துப் பார்த்ததும் அது உண்மை என்று பட்டதாகவும் கிங் 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

இன்னொரு தம்பதி: ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரட் ஜீட்டர். அவர் வெள்ளையர், கொத்து வேலை செய்பவர். இவர் கறுப்பும் பூர்வகுடியும் கலந்த குடும்பம். ஊர் வர்ஜீனியாவில் சென்ட்ரல் பாயின்ட் என்ற குக்கிராமம். 1924-ன் இனத்தூய்மைச் சட்டப்படி அவர்கள் அங்கே கல்யாணம் செய்ய முடியாது. 1958 ஜூனில் காரில் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஜூலையில் ஒரு நள்ளிரவு, படுக்கையறைக்குள் டார்ச் விளக்கோடு ஷெரீஃப் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள். இங்கே செல்லாது என்று கைது செய்தார். 1959 ஜனவரியில் தீர்ப்பு: ஒரு வருடச் சிறை, மாநிலத்தை விட்டு வெளியேறினால் நிறுத்திவைப்பு. 25 வருடத்துக்கு இருவரும் சேர்ந்தோ ஒரே நேரத்திலோ வர்ஜீனியாவுக்குள் வரக்கூடாது.

இந்தத் தீர்ப்பின் வாசகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் தனியாக வரலாம். அவளும் தனியாக வரலாம். சேர்ந்து வருவதுதான் குற்றம். கணவன் மனைவி ஒரே காரில் சொந்த ஊருக்குப் போவதைச் சட்டம் பெயர் சொல்லித் தடைசெய்கிறது.

1967 மார்ச்சில் பாரிசில் மிஷெல் ஃபூக்கோ கட்டடக் கலைஞர்களுக்கு ஓர் உரை ஆற்றினார். சமூகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு சமூக விதிகளைத் தலைகீழாக்கும் 'மாற்று இடங்கள்' பற்றிய உரை. அதில் அமெரிக்கச் சாலையோர விடுதியும் வருகிறது. ஆண் ஒருவன் கள்ளக்காதலியோடு காரில் வந்து ஒளிந்துகொள்ள முடிகிற, விதிக்கு அப்பாற்பட்ட அறை. நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவர் சொன்ன அந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்று நாமும் கேட்கவில்லை. வெள்ளைத் தோலுள்ள கள்ள உறவுக்குத் திறந்த கதவு, சான்றிதழோடு வந்த கறுப்புத் தம்பதிக்குப் பல ஊரில் மூடியே இருந்தது. அந்த உரைக்கு மூன்று மாதம் கழித்து, 1967 ஜூன் 12-ல், லவ்விங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பதினாறு மாநிலங்களில் இருந்த கலப்புமணத் தடைச் சட்டங்கள் செத்தன.

7

விடுதிக் கதவு அதற்குச் சற்று முன்னால் திறந்தது. 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் ஒரு விடுதிக்காரர், கறுப்பர்களுக்கு அறை கொடுக்கச் சொல்ல அரசுக்கு என்ன உரிமை என்று வழக்குப் போட்டு, டிசம்பரில் தோற்றார். ஆனால் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் கவனத்துக்குரியது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அறை மறுத்தால் பயணம் குறையும், பயணம் குறைந்தால் வணிகம் கெடும். ஆகவே சட்டம் செல்லும். மனிதன் சமம் என்பதை அடிப்படையாக வைத்திருக்கலாமே என்று நீதிபதி டக்ளஸ் தனியாக எழுதினார். முதன்மைத் தீர்ப்பு வணிகத்தில்தான் நின்றது. சிலர் இதைக் கேலி செய்வார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தையோடு சாலையில் நிற்பவனுக்கு, சாவி எந்தப் பிரிவின் கீழ் வந்தால் என்ன? ஆனால் உரிமை எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மறக்கவும் கூடாது.

1956-ன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் புதுச்சாலை போட்டது. அது சிற்றூர்களைச் சுற்றிக்கொண்டு போனது. பழைய சாலையோர விடுதிகள் நொடித்தன. 1970-களிலிருந்து அவற்றை வாங்கியவர்களில் குஜராத்திப் படேல்கள் அதிகம். உறவினரிடம் கைமாற்று, குடும்ப உழைப்பு, கல்லாவுக்குப் பின்னாலேயே வீடு. போட்டி விடுதிக்காரர்கள் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை மாட்டினார்கள். படேல்கள் 1989-ல் சங்கம் கட்டினார்கள். இன்று அந்நாட்டு விடுதிகளில் பாதியளவு இந்திய வம்சாவளியினர் கையில். இந்த வெற்றியைக் கட்டியது சாதியின் உறவு வலை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர்கள் தங்கிய ஒரு விடுதியில் கல்லாவில் இருந்த அம்மாள் நம்ம ஊர் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு டீ கொடுத்தார்களாம். பிறகு, "முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார்களாம். அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறான். "அது இல்லை, குடும்பப் பெயர்?" தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று சமாளித்திருக்கிறான். "டீ நல்லாதான் இருந்துச்சு" என்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் நண்பன் சேரியில் பிறந்தவன். அவன் மனைவி அதே ஊரில் ஊர்த்தெருவில் பிறந்தவர். கல்யாணம் வெளியூரில் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவன் அம்மா இறந்தபோது அவன் மட்டும் வந்து போனான். அவர் தம் தகப்பனார் சாவுக்கு வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு மட்டும் தனியாக வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். இருவரும் சேர்ந்து ஊருக்குள் கால்வைத்ததில்லை. எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை, எந்தப் பலகையும் இல்லை. சட்டப்படி அவர்கள் கல்யாணம் செல்லும். அரசு கலப்புமணத்துக்கு ஊக்கத்தொகைகூடக் கொடுக்கிறது. ஆனாலும் வர்ஜீனியா நீதிபதி எழுதிய அதே நிபந்தனை வரிக்கு வரி அமலில் இருக்கிறது.

லவ்விங் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அன்னாவுக்குப் போயிட்டு வந்துட்டோம்டா, கெய்ரோவுக்குப் போயிட்டு வந்துட்டோம். நம்ம ஊருக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே வண்டியில போக முடியல" என்றான். பின்னாலிருந்து அவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அவனே திரும்பக் கேட்டான்: "கேஸ் ஜெயிச்சப்புறம் அவங்க என்ன செஞ்சாங்களாம்? அந்த ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?"

போனார்கள். சென்ட்ரல் பாயின்டிலேயே ரிச்சர்ட் தம் கையால் வீடு கட்டினார். 1975-ல் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதி அவர் இறந்தார்; உடனிருந்த மில்ட்ரட் ஒரு கண்ணை இழந்தார். 2008-ல் சாகும்வரை அவர் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

"போனாங்க" என்று மட்டும் சொன்னேன்.